முப்பிடாதி குழந்தை

பிள்ளை பேரு என்னன்னா கேட்டீங்க? சொல்றேன்க்கா. எட்டு மாசமா யாரு இதைக் கேட்டாலும் முந்தானையைச் சரிபண்ணுற மாதிரி குனிஞ்சுக்கிடுவேன். இன்னைக்கு நிமிந்து சொல்லலாம். ஆனா எடுத்த எடுப்புல சொல்லிட்டா உங்களுக்கு அது வெறும் பேராத்தான் காதுல விழும். நீங்களும் டவுனுக்குத்தான? இந்த பஸ்ஸு ஒவ்வொரு குளத்தங்கரையிலயும் நின்னு மூச்சு வாங்கித்தான் போவும். இந்தப் பையை மட்டும் உங்க காலுக்குக் கீழ வச்சுக்கிடுங்க. உள்ள முக்கியமான காயிதமெல்லாம் இருக்கு. பால் பாட்டிலும் இருக்கு.

முதல்லயே சொல்லிடுறேன், நான் அவ்வளவாப் பேச மாட்டேன். நல்லான்குளத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க, மேலவீட்டு மருமக முப்பிடாதி வாயில்லாப் பூச்சின்னு சொல்லுவாக. கல்யாண போட்டோவுல என் உச்சந்தலை மட்டும்தான் விழுந்திருக்கு. போட்டோக்காரன் கெஞ்சிப் பாத்தான், நான் நிமிரல. படிப்பும் ஏழாவதோட நின்னுபோச்சு. யாராவது முகத்தைப் பாத்துக் கேள்வி கேட்டா எனக்குத் தொண்டை அடைச்சுக்கிடும்.

முன் சீட்டுல கோடு போட்ட சட்டை உங்க வீட்டுக்காரரா? நல்ல தூக்கம். டிக்கெட் எடுக்கணும்னு நீங்க தோளைத் தட்டித் தட்டிப் பாத்தீங்க, அசையவே இல்லையே. தூங்கட்டும், பாவம்.

எங்க வீட்டுல ஆம்பளைகளுக்கு ரெண்டே பேருதான்க்கா. ஒண்ணு எங்க மாமா பேரு, மாமான்னா என் மாமனார். இன்னொண்ணு அவுக பேரு, என் வீட்டுக்காரர். மாமாவோட அப்பாவுக்கு அவுக பேரு. அந்த அப்பாவோட அப்பாவுக்கு மாமா பேரு. இப்படியே ஒண்ணு விட்டு ஒண்ணு, மேல போயிக்கிட்டே இருக்கும். மூத்தது ஆணாப் பொறந்தா அப்பனைப் பெத்தவர் பேரு. ரெண்டாவது ஆணாப் பொறந்தா அம்மாவைப் பெத்தவர் பேரு. அதுல மாத்தமே கிடையாது.

அந்த ரெண்டு பேரு என்னன்னு நான் எப்படிக்கா சொல்லுறது? பையில மேலாப்புல ரேசன் கார்டு இருக்கு, பாருங்க. குடும்பத் தலைவர்னு போட்டு ஒரு பேரு, அதுக்குக் கீழ தகப்பனார்னு போட்டு ஒரு பேரு. ரெண்டும் அதுதான். ஐயோ, சத்தமாப் படிக்காதீங்க! பின் சீட்டுல எங்க ஊரு ஆளு ஒருத்தர் இருக்காரு.

கட்டுனவன் பேரும் மாமனார் பேரும் வாயில வரக்கூடாதுன்னு எங்க வீட்டுல ரொம்பக் கட்டு. எங்க அத்தை இருக்காகல்ல, மாமாவோட வீட்டம்மா, அவுகளுக்கு ரெண்டு பையன். மூத்தவருதான் என் வீட்டுக்காரர். அவுகளுக்கு வச்சது அத்தையோட மாமனார் பேரு. அதனால பெத்த தாயி இன்னைக்கு வரைக்கும் அவுகளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "ஏலே பெரியவனே"தான். இளையவருக்கு அத்தையோட அப்பா பேரு. அவரைக் கூப்பிடணும்னா மட்டும் முழுப் பேரையும் நீட்டி முழக்குவாக, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். மூத்தவர் பேரைச் சொல்ல முடியாத ஆத்திரத்தையும் சேத்து இளையவர் பேருல காட்டுறாக போலன்னு நான் நினைச்சுக்கிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு அஞ்சு வயசா இருக்கையில திருச்செந்தூர் சூரசம்காரக் கூட்டத்துல தொலைஞ்சு போனாகளாம். மைக்குல சொல்லுற இடத்துக்கு அத்தை அழுதுக்கிட்டே ஓடுனாகளாம். "பையன் பேரு என்னம்மா?" அத்தைக்கு வாயே வரல. "பெரியவன்"னுட்டாக. "நல்லான்குளம் பெரியவன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்"னு மைக்குல கூப்பிட்டா, கம்பு ஊனிக்கிட்டு ஒரு பத்துக் கிழவனுவ வந்து நின்னானுவளாம். அவுக பாட்டுக்கு ஒரு சுக்குக்காப்பிக் கடையில உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்திருக்காக. தன்னைக் கூப்பிடுறாங்கன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?

இதை அத்தை சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாக. நான் மாசமா இருக்கையில கேட்டேன், சிரிப்பு வரல. மூத்தது ஆணாப் பொறந்தா மாமா பேரு. அப்ப என் பிள்ளை தொலைஞ்சா நான் என்ன சொல்லுவேன்? தொலையவே வேண்டாம்க்கா, தொட்டிலுல போட்டு ஆட்டும்போது என்ன சொல்லிக் கொஞ்சுவேன்? ரெண்டாவது பிள்ளைக்கு எங்கப்பா பேரு, அதை ஆயிரம் தடவை கூப்பிடலாம். வயித்தைத் தடவிக்கிட்டே, "நீ ரெண்டாவதா வந்துருடா"ன்னு இவன்கிட்ட சொல்லிப் பாத்தேன். இவன் கேக்கல. முதல்லயே வந்துட்டான்.

ஆனா பாருங்க, பொறந்த உடனே பேரு வைக்கல. அதுக்குக் காரணம் கீழவீட்டு மாமா.

மேலவீடு நாங்க, கீழவீடு எங்க பங்காளி. வெள்ளைக்காரன் காலத்துல ஒரே வீடுதான். ஒரு பெரிய மனுசன், அவருக்கு ரெண்டு பையன். மூத்தவன் வழி நாங்க, இளையவன் வழி அவுங்க. அந்தப் பெரிய மனுசனுக்குக் குளத்துக்குக் கீழ அஞ்சு கோட்டை நெல்லு விதைக்கிற அளவுக்கு நஞ்சை இருந்துச்சாம். துரைமாரு ஊரு ஊரா வந்து நிலத்தை அளந்து பேரு எழுதுனாங்கல்ல, செட்டில்மெண்ட்டுன்னு சொல்லுவாங்க, அதுல அந்த வயலு இளையவன் பேருல ஏறிட்டு. ஆண்டியப்பன்னு பேரு. இதை நான் சொல்லலாம், எங்க வழிப் பேரு இல்ல. எங்களுக்குக் கிடைச்சது கல்லும் கள்ளியுமாக் கெடந்த மேட்டு நிலம்.

எங்க மாமா இதை எப்படிச் சொல்லுவாகன்னா, அந்த ஆண்டியப்பன் இருக்கானே, துரைக்கு நாட்டுக்கோழி அடிச்சுப் போட்டான், துரை வேட்டைக்குப் போறப்ப துப்பாக்கியைத் தோளுல சுமந்தான், ராவோட ராவா அப்பன் பேரை அடிச்சுட்டுத் தன் பேரை எழுத வச்சுட்டான். கீழவீட்டு மாமா வேற மாதிரி சொல்லுவாரு. ஆண்டியப்பன் வரப்புல நின்ன தோரணையையும் மீசையையும் பாத்து துரையே குதிரையை விட்டு இறங்கி, "இந்த வயலு உனக்குத்தான்"னு எழுதிக் குடுத்தாராம். செட்டில்மெண்ட் காயிதத்தோட நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டுல மாட்டி, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூவும் போடுவாரு.

வயலு இப்ப எங்கன்னு கேக்கீங்களா? அதை எப்பவோ வித்துத் தின்னாச்சு. இப்ப அங்க ஒரு பெட்ரோல் பங்கும் கல்யாண மண்டபமும் இருக்கு. என் கல்யாணமே அந்த மண்டபத்துலதான் நடந்துச்சு, முழு வாடகை குடுத்து. அன்னைக்கும் மாமா மாப்பிள்ளைக்கு அப்பான்னு உக்காராம, "இது என் பூட்டன் வயலு"ன்னு பந்தியில இருந்தவங்களை எல்லாம் எழுப்பிக் காட்டிக்கிட்டு இருந்தாக.

ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு. எங்க கோயில் கொடைத் திருவிழாவுல மொதத் திருநீறு. வயலு யாரு பேருல இருந்துச்சோ அந்த வீட்டுக்குத்தான் மொதத் திருநீறு. இவன் பொறந்து முப்பதாம் நாள் கொடை. கோயில்ல வச்சுப் பேரு வைக்கலாம்னு எல்லாரும் போயிருந்தோம். திருநீறு வாங்கிக்கிட்டுத் திரும்புன கீழவீட்டு மாமா சும்மா போகக்கூடாதா? "என்ன அண்ணாச்சி, பேரனுக்கு உங்க பேரா? வையுங்க, வையுங்க. எந்தப் பட்டாவுலயும் ஏறாத பேரு, பிள்ளைக்காவது ஆகட்டும்"னுட்டாரு.

மாமா தட்டை அப்படியே கீழ வச்சாக. "ஏலே, அந்தப் பேரை வெள்ளைக்காரன் காயிதத்துல உனக்குக் காட்டுறேன். காட்டிட்டுத்தான் என் பேரனுக்கு வைப்பேன். அதுவரைக்கும் இவனுக்குப் பேரே கிடையாது!"

எல்லாரும் பதறுனாக. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நிமிந்தா முகத்துல சந்தோசம் தெரிஞ்சுருமே.

அப்புறம் நடந்ததை என்னன்னு சொல்ல. மாமா மில்லுல வேலை பாத்து ரிட்டயரானவுக, செய்ய வேற சோலி கிடையாது. தினம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கிளம்பிருவாக. கிராம ஆபீஸு, தாலுகா ஆபீஸு, பத்திர ஆபீஸு. கொடியில துணி காயப்போட இடம் இல்லாம பழைய பத்திரங்களைக் கிளிப்பு மாட்டிக் காயப்போட்டிருப்பாக, கரையான் வாசம் போகணுமாம். இவன் மூத்திரத்துணியைக் கொண்டு நான் மாட்டுத்தொழுவத்துக்குப் போவேன். என் வீட்டுக்காரர் லாரியில வடக்க போயிட்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாக. "பேரு விசயம் என்னாச்சு?"ன்னு கேட்டா, "அப்பாகிட்ட நீயே கேளு"ம்பாக. நான் எங்க கேக்க?

பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில ஒரு அட்டை குடுத்தாங்க. பேரு வைக்காததுனால அதுல "முப்பிடாதி குழந்தை"ன்னு எழுதியிருந்தாங்க. ஊசி போடப் போனா நர்சம்மா, "முப்பிடாதி குழந்தை வாங்க"ன்னு கூப்பிடுவாங்க. இவன் திரும்பிப் பாத்துச் சிரிப்பான். அதுதான் பேருன்னு நினைச்சுட்டான் போல. ஒருநாள் நர்சம்மா, "ஒரு வயசுக்குள்ள முனிசிபாலிட்டியில பேரு பதிஞ்சுருங்கம்மா, அப்புறம் அலைச்சல்"னு சொல்லிட்டாங்க. அன்னையில இருந்து அந்த அட்டையைத் தினம் எடுத்து எடுத்துப் பாப்பேன். மாமாவுக்குக் காயிதம் கிடைச்சாலும் பயம், கிடைக்காட்டாலும் பயம்.

அந்த வயலை வித்தாங்கன்னு சொன்னேன்லா, அந்தப் பழைய பத்திரத்துல "என் தகப்பனார் உயில்படி"ன்னு ஒரு வரியை மாமா கண்டுபிடிச்சாக. அப்ப பெரிய மனுசன் உயில் எழுதி வச்சிருக்காரு! டவுன்ல பழைய காயிதம் வைக்கிற ஆபீஸ்ல அது இருக்கும்னு யாரோ சொன்னாக. மாமாவுக்கு அப்பத்தான் கண்ணு ஆப்பரேசன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி. எழுத்துப் படிக்கக் கூடாது. அத்தைக்கு எழுத்தே தெரியாது. "ஏத்தா, நீ வா. ஏழாவது படிச்சிருக்கேல்ல"ன்னாக. இவனையும் தூக்கிக்கிட்டு மாமா பின்னாடியே போனேன், இதே பஸ்ஸுலதான்.

பாத்தா, நாலு சீட்டு முன்னாடி கீழவீட்டு மாமா! மடியில அந்தக் கண்ணாடிச் சட்டம், காஞ்சுபோன பூ மாலையோட. யாரோ சேதி சொல்லிட்டாங்க.

ஆபீஸ்ல ஒரே பெஞ்சு. இந்தக் கோடியில மாமா, அந்தக் கோடியில அவரு, நடுவுல நானும் பிள்ளையும். கொடையில சண்டை போட்டதுல இருந்து ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேச மாட்டாக.

"ஏத்தா, அந்தாளுகிட்ட கேளு, கோயிலுக்குப் பூ போட்டா புண்ணியம், கள்ளக் காயிதத்துக்குப் போட்டா என்ன கிடைக்கும்னு."

"ஏம்மா, உங்க மாமாகிட்ட சொல்லு, மொதத் திருநீறு கிடைக்கும்னு."

நான் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன். இவனும் என்னைப் பாத்துத் தலையை ஆட்டுறான்.

ரொம்ப நேரம் ஆச்சு. மாமா காப்பி குடிக்க எழுந்து போனாக. மாமா உள்ள யாருக்காவது காசு குடுத்துக் கவனிச்சுரக் கூடாதுன்னு கீழவீட்டு மாமா பின்னாடியே போனாரு. அந்த நேரம் பாத்து சன்னல்ல இருந்து, "நல்லான்குளம் உயில் கேட்டது யாரு?"ன்னு கூப்பிட்டுட்டாங்க. இவனை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டேன். போய் நின்னேன்.

"மனு குடுக்குறவங்க பேரு?"

மாமா பேரைக் கேக்காரு. நான் எப்படிச் சொல்ல? "மாமா"ன்னேன்.

"மாமான்னா எழுத முடியுமா? பேரு, பேரு."

"எங்க வீட்டுக்காரரோட அப்பா."

"சரி, வீட்டுக்காரர் பேரு?"

பாத்தீங்களா, கிணத்துக்குப் பயந்து குளத்துல விழுந்த மாதிரி ஆகிப்போச்சு. பின்னாடி ஆளுக நெருக்குறாங்க. நான் இவனைத் தூக்கிக் காட்டி, "இவனோட தாத்தா"ன்னேன்.

"இவன் பேரு?"

"இன்னும் வைக்கலைங்க."

அந்த ஆளு பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தாரு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. பையில இருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டிட்டேன். அவரு அதைப் பாத்தாரு, பின்னாடி நின்ன கூட்டத்தைப் பாத்தாரு, எழுதிட்டாரு.

மத்தியானத்துக்கு மேல நகல் வந்துச்சு. பழைய எழுத்தைப் பாத்து ஒரு அம்மா முத்து முத்தா எழுதிக் குடுத்திருந்தாங்க. மாமா வாங்கித் தடவிப் பாத்துட்டு, "முதல் வரியில இருந்து படித்தா, அந்தாளு காதுலயும் விழட்டும்"னாக.

படிச்சேன். "மனுதாரர், முப்பிடாதி குழந்தை."

"என்னது?"

"முப்பிடாதி குழந்தை, மாமா."

கீழவீட்டு மாமா அந்தக் கோடியில சிரிச்ச சிரிப்புல கண்ணாடிச் சட்டம் மடியில இருந்து வழுக்கிட்டு. "எட்டு மாசப் பிள்ளை பூட்டன் உயிலைக் கேட்டு மனுப் போட்டிருக்கானே! சூரப்பயதான்!" மாமாவுக்கு முகமெல்லாம் செவந்துபோச்சு. "ஏத்தா, என் பேரைச் சொல்லுறதுக்கு என்ன?"ன்னு கேட்டுட்டாக. கேட்டுட்டு அவுகளே, "ஆங்... சரி, சரி. மேல படி"ன்னாக.

"நல்லான்குளம் கிராமத்தில் வசிக்கும்"னு இருந்துச்சு. அடுத்து உங்க அப்பா பேரு மாமா, "அவர்கள் குமாரர்"னு போட்டு உங்க பேரு மாமா, "ஆகிய நான் சுயபுத்தியுடன் எழுதிவைத்த உயில் சாசனம் என்னவென்றால்"னு படிச்சேன்.

"என் பேரா? நல்லாப் பாத்தியா?" மாமாவுக்குக் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ தண்ணி வழியுது. "கேட்டியாலே, வெள்ளைக்காரன் காயிதத்துல என் பேரு!"

"உன் பேரு, உங்க அப்பன் பேருன்னா உயில் எழுதுனது நீயா அண்ணாச்சி? நீ இன்னும் குத்துக்கல்லாட்டம்தான இருக்க?"ன்னாரு கீழவீட்டு மாமா. பாருங்க, அந்தக் கோவத்துல ரெண்டு பேரும் நேராப் பேசிட்டாக. அதைக் கவனிச்சது நான் மட்டும்தான்.

காரியம் முடிஞ்சுது, மாமா பேரு கிடைச்சாச்சு, பிள்ளைக்கு வச்சிருவாக. எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரிஞ்சுது. இருந்தாலும் மேல படிச்சேன். மூத்த குமாரன்னு என் வீட்டுக்காரர் பேரு, அவனுக்கு மேட்டு நிலம். "இளைய குமாரன் ஆண்டியப்பன், வயது இருபது. செட்டில்மெண்டுத் துரை வந்த காலத்தில் நான் ஊரில் இல்லாதபடியால், வீட்டிலிருந்தவர்கள் சொன்னபடி குளத்துக்குக் கீழுள்ள நஞ்சை இவன் பேரில் தாக்கலாகிவிட்டது. அது அப்படியே அவனுக்கு ஆகக்கடவது."

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுந்து நின்னுட்டாக.

"பாத்தியா! அப்பன் ஊருல இல்லாத நேரம் பாத்து எழுதியிருக்கான் களவாணி!"

"பாத்தியா! அப்பனே அவனுக்குத்தான்னு எழுதிட்டாரு! மீசைக்கு மரியாதை!"

துப்பாக்கிங்காக, கோழிங்காக, குதிரைங்காக. ஆபீஸே திரும்பிப் பாக்குது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா கண்ணாடிச் சட்டம் என் காலுக்கிட்டத்தான் கெடந்துச்சு. அதுல ஆயிரத்து எண்ணூத்து எழுபத்து நாலுன்னு இருக்கு. உயில்ல தொண்ணூத்து மூணு. அப்ப வயது இருபதுன்னா... ஏழாவது வரைக்கும் கணக்குல நான் மோசம் இல்லக்கா. விரல்லயும் ஒருக்கா எண்ணிப் பாத்தேன்.

"மாமா"ன்னேன். என் குரல் எனக்கே கேக்கல. இன்னொரு தடவை சொன்னேன். "மாமா, துரை வந்தப்ப ஆண்டியப்பனுக்கு ஒரு வயசு."

மாமா பெஞ்சுல உக்காந்துட்டாக.

"ஒரு வயசா?"

"இவனை விட நாலு மாசம் மூப்பு, மாமா. அவ்வளவுதான்."

மாமா இவனைப் பாத்தாக. இவன் கீழவீட்டு மாமாவோட துண்டு நுனியை வாயில வச்சுச் சப்பிக்கிட்டு இருக்கான். துப்பாக்கி எங்க தூக்க? மீசைக்கு எங்க போக? கீழவீட்டு மாமா எச்சிலை முழுங்கிட்டு, "எங்க வழியில எல்லாரும் சீக்கிரமே வெவரம் ஆயிருவோம்"னாரு. அதுக்கு அவரே சிரிக்கல.

"அப்ப எழுதுனது யாரு?"ன்னாக மாமா.

எனக்கு அது தெரிஞ்சுபோச்சுக்கா. காலையில அந்தச் சன்னல்ல நின்னது நான்தான? இவனை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நின்னு காட்டுனேன். "வீட்டுல இருந்தவர்கள்னா அவரோட சம்சாரம்தான் மாமா இருந்திருப்பாக. வாசல்ல குதிரை, துரை, கணக்கப்பிள்ளை. 'இது யாரு வயலு, பேரைச் சொல்லு'ன்னு அதட்டுறாங்க. புருசன் பேரைச் சொல்லக் கூடாது. மூத்தவனுக்கு வச்சது மாமனார் பேரு, அதையும் சொல்லக் கூடாது. இடுப்புல இருக்குற சின்னவனுக்கு அவுக அப்பா பேரு. அந்த வீட்டுலயே அவுக வாயில வரக்கூடிய ஆம்பளைப் பேரு அது ஒண்ணுதான், மாமா. சொல்லிட்டாக."

இவ்வளவையும் நானா பேசுனேன்னு இப்ப நினைச்சாலும் ஆச்சரியமா இருக்கு. பேசி முடிச்சதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

கீழவீட்டு மாமா வந்து மாமா பக்கத்துல உக்காந்தாரு. "அப்ப எங்க பூட்டன் களவாணி இல்ல."

"இல்லலே."

"மீசையும் இல்ல."

"பல்லே இருந்திருக்காது."

மாமா பெருமூச்சு விட்டாக. "அஞ்சு கோட்டை நஞ்சை. வாயைத் தொறந்து ஒரு பேரைச் சொல்லியிருந்தா..." திடீர்னு என் பக்கம் திரும்புனாக. "ஏத்தா, எங்க, என் பேரைச் சொல்லு பாப்போம்."

ஐயோ! நான் மாட்டேன்னேன். "நான்தான சொல்லுறேன், சொல்லு." கீழவீட்டு மாமாவும், "சொல்லும்மா, தப்பில்ல"ங்காரு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். முத எழுத்து வந்துச்சுக்கா. சத்தியமா வந்துச்சு. ரெண்டாவது எழுத்துக்குப் பதிலா இருமல் வந்துட்டு. இருமி இருமிக் கண்ணுல தண்ணி. சன்னல்ல இருந்த ஆளே தண்ணி பாட்டில் குடுத்தாரு.

மாமா தலையில கைய வச்சுக்கிட்டாக. "சரிதான். இவளும் நாளைக்கு எவனாவது வந்து வீடு யாரு பேருலன்னு கேட்டா பிள்ளையைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் நிப்பா. இவன் பேருலதான வீட்டை எழுதப்போறேன்? என் பேரை இவனுக்கு வச்சுத் தொலைச்சா வீடும் போயிரும்." எழுந்து வேட்டியைக் கட்டுனாக. "ஏத்தா, உன் வாயில தடங்கல் இல்லாம வர்ற பேரா ஒண்ணு நீயே பாத்து வை. என் பேரை நான் வாசல் கல்லுல வெட்டிக்கிடுதேன்."

எனக்காக ஒண்ணும் சொல்லல, வீட்டுக்காகத்தான் சொன்னாக. எதுக்காகச் சொன்னா என்ன?

வெட்டியாச்சு. மாமா பேரு பெருசா, வெள்ளைக் கல்லுல. கீழவீட்டு மாமாவும் அவரு வாசல்ல வெட்டிட்டாரு, ஒரு விரக்கடை பெருசா. இப்ப அதுல சண்டை. மொதத் திருநீறை ஆளுக்கொரு வருசம்னு பேசி முடிச்சுட்டாக, கல்லுச் சண்டை மட்டும் ஓயல. நான் உயிலை இன்னொரு தடவை உக்காந்து படிச்சேன். அந்த அம்மா பேரு இருக்கான்னு. "என் பெண்சாதி"ன்னுதான் இருக்கு, பேரைக் காணோம். செட்டில்மெண்ட் காயிதத்துலயும் இல்ல. இருந்திருந்தா அடுத்துப் பொறக்குற பொம்பளைப் பிள்ளைக்கு அதைத்தான் வைக்கணும்னு நினைச்சேன்.

இன்னைக்கு முனிசிபாலிட்டிக்குத்தான் போறேன், பேரு பதிய. யாரையும் கூட்டிட்டு வரல. கேட்டா நானே சொல்லணும்ல? ஒரு வாரமா அடுப்படியில நின்னு சொல்லிப் பழகிட்டேன். ஏழாவது பொஸ்தகத்துல பாண்டிய ராசாவைப் பத்தி ஒரு பாடம் வரும், அதுல வர்ற பேரு. எங்க வீட்டுலயும் கிடையாது, கீழவீட்டுலயும் கிடையாது, ஊருலயே ஒருத்தருக்கும் கிடையாது. நல்லா விசாரிச்சுட்டேன். இனி இவன் எங்க தொலைஞ்சாலும் மைக்கே வேண்டாம்க்கா. தொண்டை அடைக்காம எப்படி வருதுன்னு கேளுங்க.

செழியன்! ஏ, செழியன்!

கேட்டீங்களா? எப்படி வந்துச்சு? ஏன்க்கா வாயைப் பொத்துறீங்க? முன்னாடி உங்க வீட்டுக்காரர் எதுக்கு முழிச்சுத் திரும்பிப் பாக்காரு, நான் இவனைத்தான கூப்பிட்டேன்...

அய்யய்யோ.

சரி விடுங்கக்கா. சிரிக்காதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க இவனை "முப்பிடாதி குழந்தை"ன்னே கூப்பிடுங்க. திரும்பிப் பாப்பான்.